சங்கரலிங்கம் கேட்காத இரண்டாம் பக்கம்

என் அருமைக் கொழுந்தன் சங்கரலிங்கத்துக்கு,

உன் மதினி எழுதுகிறேன். ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். உனக்குக் கடிதம் எழுத அவசியமே வந்ததில்லை. எழுதிக் கொடுத்ததெல்லாம் பலசரக்குச் சீட்டுதான். அதையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "மதினி, இது கையெழுத்தா, கோழி நடந்த தடமா?" என்று கேட்பாய். இதையும் அதே மாதிரி சிரமப்பட்டுப் படித்துக்கொள்.

நாளைக்கு உன் பின்லாந்துச் சிநேகிதர் பெக்காவுக்கு நான் ஒரு கடிதம் எழுத வேண்டும். நீ அவரிடம் வருஷக்கணக்காக ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறாய். அந்தப் பொய்க்குக் காரணம் நான். அதை அவரிடம் உடைக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லை. யாரிடம் கேட்பது? உன் அண்ணனிடம் கேட்டால், "எழுதுனா எழுது, எழுதாட்டி விடு" என்பார். பட்டாளத்துக்காரருக்கு எல்லாம் இரண்டே வழிதான். அதனால் உன்னிடமே சொல்லிவிட்டு முடிவு செய்யலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டு நலம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான். பாப்பா ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். உன் படத்தைக் காட்டி, "சித்தப்பா எந்த ஷிப்டுக்குப் போயிருக்காக?" என்று கேட்கிறாள். மில் சங்கு ஊதினால் இன்னமும் என் கை தானாக உனக்குச் சோற்றுத் தட்டை எடுக்கிறது. எடுத்த பிறகுதான் நினைவு வருகிறது.

தொண்ணூறில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து இராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தேன். உன் அண்ணன் நாற்பது நாள் லீவு முடிந்து ரயிலேறிவிட்டார். வீட்டில் அத்தை, நீ, நான். நீ ஸ்பின்னிங் மில்லில் நூல் நூற்கும் ரிங் ப்ரேமில் வேலை பார்த்தாய். அண்ணன் ஊருக்குப் போன மறுநாள் என்னிடம் ரகசியமாக வந்து, "மதினி, போஸ்ட்மேன் வெளிநாட்டுக் கடுதாசி கொண்டாருவாரு. அம்மா கைக்குப் போகாம நீங்க வாங்கி வச்சிருங்க" என்றாய். எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

"யாரு தம்பி அந்தப் பொண்ணு?"

"பொண்ணு இல்ல மதினி, பெக்கான்னு ஒரு தாடிக்காரன். அங்க பேப்பர் மில்லுல வேலை பாக்கான். நானும் மில்லு, அவனும் மில்லு. பொறவு, ட்ரம்ஸ் அடிப்பான்."

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த ஒரு இங்கிலீஷ் பாட்டுப் புத்தகத்தில் அவர் விலாசத்தைப் பிடித்தாய் என்று பிறகு சொன்னாய். நீ சாத்தூர், சிவகாசித் தீப்பெட்டி லேபிள்களைச் சேர்த்து அனுப்புவாய். அவர் கேசட் அனுப்புவார். அதை வாக்மேனில் போட்டுக் காதை அடைத்துக்கொண்டு கேட்பாய். வெளியே எங்களுக்கு டிக்டிக்கென்ற சத்தம் மட்டும்தான் வரும். என்ன பாட்டு என்று கேட்டதற்கு, "டெத் மெட்டல் மதினி" என்றாய்.

"டெத்துன்னா சாவுதான? விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?"

"பேருதான் அப்படி. கேக்குறவன் நூறு வயசு இருப்பான்."

அந்த வாக்கு உன் இருபத்தேழாவது வயசில் பொய்த்துப் போயிற்று. போகட்டும், அதை இப்போது பேச வேண்டாம்.

மறுவருஷம் அந்தப் பார்சல் வந்தது. பெக்காவின் கோஷ்டி முதல் முதலாக ஸ்டுடியோவில் பதிவு செய்து போட்ட இசைத்தட்டு. பெரிய கறுப்பு எல்.பி. உறையில் பட்ட மரமும் பனியும். மேலே கோஷ்டியின் பெயர். சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் பரப்பியது போல அந்த எழுத்து. இங்கிலீஷ் படித்த உன்னாலேயே வாசிக்க முடியவில்லை. அன்று நீ சாப்பிடவே இல்லை. இசைத்தட்டை உறையிலிருந்து எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தாய். "அண்ணன் லீவுல வரட்டும், ஒண்ணு காட்டுதேன்" என்று மட்டும் சொன்னாய். இப்போதே காட்டு என்றேன். முடியாது என்றாய்.

போட்டுக் கேட்க நம் வீட்டில் ப்ளேயர் ஏது? அங்கேதான் நான் முந்திரிக்கொட்டையாக நுழைந்தேன். எங்கள் ஊரில், எங்கள் தெருவிலேயே, மைக் செட் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் தட்டுப்போடும் பெட்டி உண்டு என்றேன். அவர் அதை யார் கையிலும் தரமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இராஜபாளையத்தில் சடங்கு வீட்டுக்குச் செட் போட வந்தவர், தங்கள் ஊர்ப் பெண் வாக்கப்பட்ட வீடு என்ற முறைக்கு நம் வீட்டில் காப்பி குடிக்கப் பெட்டியோடு இறங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறந்த ஊர்க்காரர் வந்து கொழுந்தனுக்கு ஒரு காரியம் செய்துகொடுக்கிறார் என்றால் சும்மாவா?

அண்ணாச்சி ஊசியை வைத்தார். முதலில் கிதார் அறுத்தது. அடுத்து ஒரு குரல் வந்தது. வயிற்றுக்குள்ளிருந்து யாரோ உறுமுவது போல. அத்தை பூஜை விளக்கைத் தூண்டிவிட்டாள். அண்ணாச்சி குனிந்து தட்டைப் பார்த்தார், காதைச் சாய்த்தார், முதல் பக்கம் முடியும்வரை பொறுத்துக்கொண்டார். பிறகு ஊசியைத் தூக்கிவிட்டார்.

"தம்பி, தட்டு கெட்டுப்போச்சு. கப்பல்ல வெக்கை பட்டு இளகியிருக்கு. குரல் எம்புட்டு இழுக்கு பாத்தீகளா? நான் இருவது வருசமாத் தட்டு போடுதேன், எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கத்தையும் போட்டா ஊசிதான் போவும்."

நீ ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "அப்படியா அண்ணாச்சி" என்றாய். அம்புட்டுத்தான். மதினியின் பிறந்த ஊரிலிருந்து வந்த பெரிய மனுஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது உன் மரியாதை. அது எனக்கு அன்று எப்படித் தெரியும்? நீ சும்மா இருந்ததை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். தட்டு ஒரு துணிப்பையில் உன் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. எடைக்குப் போடத்தான் தொங்குகிறது என்று நினைத்தேன்.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். எனக்கு வளைகாப்பு வைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். வந்தால் முதலில் எங்கே பார்ப்பார்கள்? கூடத்துக் கண்ணாடி அலமாரியை. மருமகள் கைவேலை என்ன இருக்கிறது என்று எண்ணுவார்கள். என்னிடம் ஒயர் கூடையும் முட்டை ஓட்டுப் பொம்மையும்தான் இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் கைவேலை வகுப்பில் பழைய இசைத்தட்டை வெந்நீரில் போட்டு இளக்கிப் பூச்சட்டி செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அது இல்லாத அலமாரி உண்டா?

நீ பகல் ஷிப்டுக்குப் போயிருந்தாய். அண்டாவில் வெந்நீர் வைத்தேன். நடுவில் ஒட்டியிருந்த காகிதம் ஊறி உரிந்து வந்தது. சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் தட்டைப் போட்டு, ஓரத்தைச் சுற்றிலும் அலை அலையாக வளைத்தேன். உள்ளே பச்சை, விளிம்பில் தங்கக் கலர் பெயிண்ட். அதில் பிளாஸ்டிக் ரோஜாவைச் செருகி அலமாரியின் நடு அடுக்கில் வைத்தேன். என் கையால் அவ்வளவு அழகாக வேறு எதுவும் நான் செய்ததில்லை, சங்கரலிங்கம். அதுதான் கொடுமை.

நீ ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சாக வந்தாய். அலமாரியைப் பார்த்து நின்றாய். ஓடிவந்து, "எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டேன். நான் ஏழு மாசக்காரி, வாயெல்லாம் பல். நீ கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு விரலால் அந்த விளிம்பைத் தொட்டாய்.

"நல்லாருக்கு மதினி. ஓரம் மட்டும் இந்தப் பக்கம் செத்த வளைச்சிருக்கலாம்."

குளிக்கப் போய்விட்டாய். வழக்கத்தைவிட அதிக நேரம் குளித்தாய். பஞ்சு போகவில்லை போல என்று நினைத்தேன். மண்டு.

எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? பாப்பா பிறந்து மூன்று மாசம். பெக்கா புதுப் பாட்டுகளைக் கேசட்டில் அனுப்பியிருந்தார். நீ வாக்மேனை ஓடவிட்டுவிட்டு எழுந்துபோன நேரம் பாப்பா இயர்போனைப் பிடித்து இழுத்தாள். அதை எடுத்து வைக்கும் முன் என் காதில் வைத்துப் பார்த்தேன். அதே உறுமல். வெக்கைபடாத கேசட்டில், இளகாத கேசட்டில், அதே குரல். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. தட்டு கெடவே இல்லை. அந்தப் பாட்டே அப்படித்தான்.

அன்றே உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஐந்து வருஷம் போயிற்று. பூச்சட்டியை மட்டும் எடுத்துப் பரணில் போட்டேன். "ஏன் மதினி, அது எங்க?" என்று நீ கேட்கவில்லை. கேட்காததால் உனக்கும் எனக்கும் தெரியும் என்று இருவருக்கும் தெரிந்துபோயிற்று.

போன வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், மதுரைக்குக் கொண்டு போனோம், மூன்றே வாரம். ஒரு மத்தியானம் கட்டிலோரம் நீயும் நானும் மட்டும் இருந்தோம். மனசைத் தைரியப்படுத்திக்கொண்டு, "தம்பி, அந்தத் தட்டு..." என்று ஆரம்பித்தேன். உடனே கண்ணை மூடிக்கொண்டாய். "செத்த நேரம் தூங்குதேன் மதினி" என்றாய். நீ தூங்கவில்லை. உன் கண் இமை அசைந்துகொண்டே இருந்தது. என்னை மன்னிப்புக் கேட்க விடாமல் செய்தது உன் பெருந்தன்மையா, பிடிவாதமா?

நீ போன நாலாம் மாசம் பெக்காவிடமிருந்து கடிதம் வந்தது. ஏன் பதில் இல்லை என்று கேட்டிருந்தார். அவருக்கும் இங்கிலீஷ் வீட்டு மொழி இல்லை போலிருக்கிறது. சின்னச் சின்ன வாக்கியம், எனக்கே புரிந்தது. உன் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஐந்து வரி எழுதி அனுப்பினேன். பிளஸ் டூவில் இங்கிலீஷில் நான் எடுத்த மார்க் உனக்குத் தெரியும். அந்த ஐந்து வரிக்கு மூன்று நாள் ஆயிற்று. 'இறந்துவிட்டான்' என்ற வார்த்தையை மட்டும் டிக்‌ஷனரி பார்க்காமலே எழுதினேன்.

போன வாரம் பார்சல் வந்தது. அதே எல்.பி., புதிதாக ஒன்று. கூடவே ஒரு கடிதம். "சங்கர் எங்கள் தட்டை ஞாயிறுதோறும் கேட்பதாக எழுதுவான். இத்தனை வருஷத்தில் அது தேய்ந்துபோயிருக்கும். இது உங்கள் மகளுக்கு" என்று எழுதியிருந்தார். நீ அவருக்கு எழுதிய ஒரு பழைய கடிதத்தையும், வீட்டில் இருக்கட்டும் என்று, சேர்த்து வைத்திருந்தார். உன் கையெழுத்தில், "இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில் உன் ட்ரம்ஸைக் கேட்டால், பவர் கட் முடிந்து எங்கள் மில்லில் ப்ரேம் எல்லாம் ஒரே நேரத்தில் வேகம் பிடிப்பது போல இருக்கிறது. எனக்கு அதுதான் மிகவும் பிடித்த பாட்டு" என்று இருந்தது.

இரண்டாம் பக்கத்தை நீ எங்கே கேட்டாய்? அதைத்தான் நான் வெந்நீரில் போட்டுவிட்டேனே.

தட்டோடு ஒரு தாள் இருந்தது. கோஷ்டிக்காரர்கள் நன்றி சொல்லும் பட்டியல். நுணுக்கி நுணுக்கி எத்தனையோ பெயர்கள். விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தேன். நடுவில், 'சங்கர், இராஜபாளையம், இந்தியா'. எழுந்துபோய் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பழைய உறையும் அதே தாளும் துணிமணிக்கு அடியில் பத்திரமாக இருந்தன. அண்ணன் வந்தால் காட்டுகிறேன் என்றது இதைத்தானே?

அண்ணன் லீவில் வந்தார், போனார், எத்தனையோ தடவை. நீ காட்டவே இல்லை. காட்டினால் தட்டு எங்கே என்று கேட்பார், என் தலை குனியும். ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருக்க வேண்டிய பெயரை எனக்காக வேட்டிக்கு அடியில் மடித்து வைத்துவிட்டாயே. அன்று நான் பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தை வந்து, "என்னட்டி?" என்றாள். அவளிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. விரலை வைத்து, "இது நம்ம சங்கரலிங்கம் பேரு அத்தை" என்றேன். அவள் அந்த இடத்தைச் சேலை முந்தானையால் துடைத்தாள்.

புதுத் தட்டை எடுத்துக்கொண்டு மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். அண்ணாச்சி கடையில் இப்போது எல்லாம் கேசட்தான். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து ஊசியை வைத்தார். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தத் தட்டும் கெட்டுத்தாம்மா வந்திருக்கு."

"இல்ல அண்ணாச்சி. இது இப்படித்தான்."

"இப்படித்தானா?" பெட்டியின் சத்தத்தைக் குறைத்தார். "அப்போ அன்னைக்கு உங்க வீட்டுல நான் சொன்னது?"

"நீங்க சொன்னீக. வெந்நீர் வச்சது நான்."

முதல் பக்கம் முடிந்ததும் அவரே தட்டைத் திருப்பிப் போட்டார். "ஊசி போனாப் போவுது. முழுசாக் கேளும்மா" என்றார்.

உண்மையைச் சொன்னால், பாதிப் பாட்டுக்கு என் தலை வலித்தது. நீ கோபித்துக்கொள்ளாதே. மூன்றாம் பாட்டில் அந்த உறுமலுக்குள் ஒரு தாளம் பிடிபட்டது. கால் தானாக ஆடியது. கடைசிப் பாட்டு வந்தது. டிக்‌ஷனரியில் பார்த்திருந்தேன், அதன் பெயருக்குப் புயல் என்று அர்த்தம். நீ சொன்ன ட்ரம்ஸுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ட்ரம்ஸ் வரவில்லை. உறுமலும் இல்லை. ஒரே ஒரு கிதார், அதுவும் மெல்ல, யாரோ தனியாக உட்கார்ந்து வாசிப்பது போல. இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும், முடிந்துவிட்டது. "மழைக்கு முந்திக் காத்து நிக்குமே, அந்த மாதிரி இருக்கு" என்றார் அண்ணாச்சி. அவருக்குப் பாட்டின் பெயர் தெரியாது.

நீ பெயரைப் பார்த்து ஊகித்திருக்கிறாய். புயல் என்றால் ட்ரம்ஸ் பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைத்து, அந்த ட்ரம்ஸ்காரருக்கே எழுதிவிட்டாய். அவர் கை வைக்காத ஒரே பாட்டு அது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் பெக்காவுக்கு அந்தக் கடிதத்தைப் படித்த அன்றே தெரிந்திருக்கும். நீ கேட்கவில்லை என்று தெரிந்தும், ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல், இத்தனை வருஷமும் உனக்கு எழுதியிருக்கிறார். தேய்ந்துபோயிருக்கும் என்று சாக்குச் சொல்லிப் புதுத் தட்டு அனுப்பியிருக்கிறார். நம் வீட்டில் தட்டு இல்லை என்று தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார்.

ஆனால் ஏன் இல்லை என்பது அவருக்குத் தெரியாது, சங்கரலிங்கம். என்ன நினைத்திருப்பார்? பிடிக்காமல் ஓரமாகப் போட்டுவிட்டான் என்றா? யாரிடமோ விற்றுவிட்டான் என்றா? எதை நினைத்திருந்தாலும் உன்னைத்தான் நினைத்திருப்பார். உன் பெயரைத் தன் முதல் தட்டில் அச்சடித்த மனுஷன், நீ அதைப் போட்டுக் கேட்கக்கூட இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

எனக்காக நீ அவரிடம் பொய்யனாக நின்றாய். இதற்கு நீ என்னை ஒரே ஒரு தடவை, "ஏன் மதினி இப்படிப் பண்ணுனீக?" என்று திட்டியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், நீ சமாதானம் சொல்லியிருப்பாய், அன்றைக்கே தீர்ந்திருக்கும். உன் நல்ல மனசு எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று நீ யோசிக்கவே இல்லையே, தம்பி.

எழுத எழுத எனக்கு முடிவு வந்துவிட்டது. உன் சம்மதம் கேட்கப் போவதில்லை. கேட்டால் மறுபடியும் தூங்குவதாகக் கண்ணை மூடிக்கொள்வாய். நாளைக் காலையில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து பெக்காவுக்கு எழுதுவேன். தட்டை வெந்நீரில் போட்டது நான், என் பெயர் மாரீஸ்வரி, சங்கர் கடைசிவரை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் அவன் சொன்ன பொய் என்று எழுதுவேன். இதை முதல் வரியிலேயே எழுதுவேன். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குக் கீழேதான். இது உன் மேல் ஆணை.

இப்படிக்கு,
உன்னிடம் திட்டு வாங்கக் கொடுத்து வைக்காத உன் மதினி,
மாரீஸ்வரி